“இல்லை” என்றது யார்? வீட்டு வைஃபையில் தளம் திறக்காதபோது அறிகுறி பார்த்துப் பிழை பிடிப்பது

எங்கள் வீட்டில் டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ராஸ்பெரி பை (உள்ளங்கையளவு குட்டிக் கம்ப்யூட்டர்) சில வருடங்களாகத் தூசு படிந்து கிடக்கிறது. அதில் பை-ஹோல் என்ற விளம்பரத் தடுப்பு மென்பொருள் ஓடுகிறது. வீட்டிலுள்ள போன், லேப்டாப், டிவி எல்லாமே “இந்தப் பெயருக்கு என்ன எண்?” என்று அதனிடம்தான் கேட்கும். பெயருக்கு எண் சொல்லும் இந்த ஏற்பாட்டுக்குத்தான் டிஎன்எஸ் என்று பெயர். விளம்பரக்காரர் பெயராக இருந்தால் பெட்டி கையை விரித்துவிடும்; இப்படி வடிகட்டும் டிஎன்எஸ்ஸைத்தான் கீழே பில்டர் என்கிறேன். நல்ல ஏற்பாடுதான். ஒரே தொந்தரவு, வீட்டில் எது திறக்காவிட்டாலும் பழி அந்தப் பெட்டியின் மேல் விழும், அதாவது என் மேல். பாதி நேரம் பழி சரியானது. மீதி நேரம் குற்றவாளி வேறெங்கோ இருப்பான்.

“எங்கள் வீட்டில் அப்படிப் பெட்டி எதுவும் இல்லையே” என்பவர்களும் கொஞ்சம் பொறுங்கள். பிள்ளைகளுக்காக யாரோ ஒருநாள் ரவுட்டரில் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் குடும்பப் பில்டரான 1.1.1.3 என்று போட்டு வைத்திருக்கலாம். விளம்பரம் வராது என்று தம்பி உங்கள் போனில் அட்கார்டு டிஎன்எஸ்ஸை வைத்துவிட்டுப் போயிருக்கலாம். இணைப்பு கொடுக்கும் நிறுவனமே தன் பக்கத்தில் வடிகட்டியிருக்கலாம். இத்தனை பேர் நடுவில் நிற்க முடிவதற்குக் காரணம் டிஎன்எஸ் பிறந்த விதம். 1983-ல் பால் மோக்கபெட்ரிஸ் இதை வகுத்தபோது கேள்வியும் பதிலும் மறைப்பில்லாமல் 53-ஆம் போர்ட் வழியே போய்வந்தன. இன்றும் பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான். வழியில் நிற்பவர் யாராக இருந்தாலும் கேள்வியைப் படிக்கலாம், பதிலும் தானே சொல்லிவிடலாம்.

அதனால் எந்த அறிகுறியைப் பார்த்தாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “இல்லை” என்றது யார்? அது தெரியாமல் ரவுட்டரை அணைத்துப் போடுவதும் பில்டரை மொத்தமாக நிறுத்துவதும் காய்ச்சலுக்குக் காரணம் பார்க்காமல் மாத்திரை போடுவது மாதிரி. சரியாகவும் போகும், திரும்பியும் வரும்.

தொடங்குமுன் ஒரு விஷயம். பில்டருக்குத் தெரிந்தது பெயர் மட்டும். அந்தப் பெயருக்குப் பின்னால் எந்தப் பக்கம், என்ன வீடியோ என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஒரு தளத்தில் ஒரே ஒரு பக்கம் மட்டும் திறக்கவில்லை, அதே பெயரில் மற்றப் பக்கங்கள் எல்லாம் வருகின்றன என்றால் டிஎன்எஸ்ஸை விட்டுவிடுங்கள், அது நிரபராதி.

“ஒரே ஒரு தளம், சுத்தமாகத் திறக்கவில்லை”

முதலில் பிழைச் செய்தியின் கடைசி வரியைப் படியுங்கள். குரோமில் சின்ன சாம்பல் எழுத்தில், எல்லாம் பெரிய எழுத்தாக ஒரு வரி இருக்கும். யாரும் படிப்பதில்லை. பாதி விடை அங்கேதான் இருக்கிறது.

‘டிஎன்எஸ் ப்ரோப் ஃபினிஷ்ட் என்எக்ஸ்டொமைன்’ என்று இருந்தால், கேட்ட இடத்தில் “அப்படி ஒரு பெயரே கிடையாது” என்ற பதில் வந்திருக்கிறது. உண்மையிலேயே கிடையாதோ, பில்டர் பொய் சொன்னதோ, இனிமேல்தான் பார்க்க வேண்டும். ‘கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு’ அல்லது விண்டோஸில் ‘அட்ரஸ் இன்வேலிட்’ என்று இருந்தால், 0.0.0.0 என்ற வெற்று எண்ணைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். பை-ஹோல் இயல்பாகச் செய்வது இதைத்தான். ‘பிளாக்ட் பை கிளையன்ட்’ என்று இருந்தால் இந்தக் கட்டுரையையே மூடிவிடலாம். அது உங்கள் பிரவுசரில் இருக்கும் விளம்பரத் தடுப்பு நீட்சியின் வேலை, வீட்டு நெட்வொர்க்குக்குச் சம்பந்தமில்லை. வெகுநேரம் சுற்றிச் சுற்றி ‘டைம்ட் அவுட்’ என்று வந்தாலும் பெரும்பாலும் பில்டர் காரணமல்ல. பில்டர் மறுக்கும்போது பட்டென்று மறுக்கும், காக்க வைக்காது.

அடுத்தது, ஒரே பெயரை இரண்டு இடத்தில் கேட்டுப் பார்ப்பது. கம்ப்யூட்டரில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து என்எஸ்லுக்அப், ஓர் இடைவெளி, தளத்தின் பெயர் என்று அடியுங்கள். வீட்டு டிஎன்எஸ் சொல்லும் பதில் வரும். பிறகு அதே வரியின் கடைசியில் இன்னோர் இடைவெளி விட்டு 9.9.9.10 என்று சேர்த்து அடியுங்கள். அது குவாட்9 அமைப்பின் வடிகட்டாத முகவரி. வீட்டில் 0.0.0.0, அங்கே ஒழுங்கான எண் என்றால் மறுத்தது உங்கள் வீட்டுப் பில்டர். இரண்டிலும் ஒரே ஒழுங்கான எண் வந்தால் டிஎன்எஸ் தன் வேலையைச் செய்துவிட்டது, கோளாறு அதைத் தாண்டி இருக்கிறது. இரண்டிலும் “இல்லை” என்றால் பெயரில் எழுத்துப்பிழையா என்று பாருங்கள். வாட்ஸப்பில் வந்த இணைப்பாக இருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

உங்கள் ரவுட்டரில் 9.9.9.9 போட்டிருந்தால் இந்தச் சோதனை அருமையாக வேலை செய்யும். 9.9.9.9 தீங்கான தளங்களை மறுக்கும், 9.9.9.10 எதையும் மறுக்காது. ஒன்றில் மறுப்பும் மற்றதில் எண்ணும் வந்தால் அந்தப் பெயர் யாரோ ஒருவருடைய தீம்பொருள் பட்டியலில் ஏறியிருக்கிறது. இந்த இடத்தில் மட்டும் “நமக்குத் தெரிந்த தளம்தானே” என்று உடனே திறந்துவிடாதீர்கள். தெரிந்த தளத்தைத்தான் திருடர்கள் உடைத்து உள்ளே நுழைவார்கள்.

என்எஸ்லுக்அப் மாதிரியே டிஎன்எஸ்ஸைக் கேட்கும் டிக் என்ற கட்டளை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. 2020-ல் வந்த ஒரு தரநிலைப்படி, மறுக்கும் டிஎன்எஸ் காரணத்தையும் சேர்த்துச் சொல்லலாம். பதிலில் ‘ஈடிஈ 15’ என்ற வரி இருந்தால் “நான்தான் தடுத்தேன்” என்று அதுவே ஒத்துக்கொண்டதாக அர்த்தம். பிரவுசர்கள் இதை நம் கண்ணில் காட்டாமலே விழுங்கிவிடுகின்றன.

பை-ஹோலில் எந்தப் பட்டியல் மறுத்தது என்று தேட வசதி உண்டு. பெயரைக் கொடுத்தால் எந்தெந்தத் தடைப் பட்டியலில் இருக்கிறது என்று காட்டிவிடும். அந்த ஒரு பெயரை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேருங்கள். பொதுப் பில்டர்களான 1.1.1.3 போன்றவற்றில் இது முடியாது. அவர்கள் வகை பிரித்ததுதான் சட்டம். கிளவுட்ஃப்ளேர் 2020 ஏப்ரல் 1 அன்று அந்தச் சேவையைத் தொடங்கியபோது, வயது வந்தோர் தளங்களோடு சேர்த்துப் பால்புதுமையினருக்கான பல தளங்களும் தடைபட்டன. தவறான வகைப் பட்டியலை எடுத்துவிட்டோம் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்கள். அவர்களுக்கே அப்படி நடந்தது என்றால், உங்கள் ஊர் நூலகத் தளம் எதற்கு எந்த வகையில் விழுந்தது என்று ஆராய்ந்து பயனில்லை. தவறு என்று அவர்களுக்கு எழுதலாம், அல்லது அனுமதிப் பட்டியல் வைத்துக்கொள்ளும் வசதியுள்ள பில்டருக்கு மாறலாம்.

புத்தம் புதுத் தளம் மட்டும் திறக்கவில்லையா? கல்யாண அழைப்பிதழுக்கென்று போன வாரம் பதிவுசெய்த பெயர் மாதிரி? நெக்ஸ்ட்டிஎன்எஸ் என்ற பில்டர் சேவையில் 30 நாளுக்குள் பதிவான பெயர்களை மறுக்க ஒரு சுவிட்ச் உண்டு. மோசடிக்காரர்கள் தினம் ஒரு புதுப் பெயர் வாங்குவதால் வந்த ஏற்பாடு. மாப்பிள்ளை வீட்டாரும் அதில் மாட்டிக்கொள்கிறார்கள்.

“கூகுளில் முதலில் வருவது மட்டும் திறக்கவில்லை, கீழே உள்ளது திறக்கிறது”

முதலில் வருவது விளம்பரம். அதை அழுத்தினால் கடைக்குப் போகுமுன் கூகுள்ஆட்சர்வீசஸ் டாட் காம் மாதிரி ஒரு பெயர் வழியே போகும். அது ஏறக்குறைய எல்லாத் தடைப் பட்டியலிலும் உண்டு. பில்டர் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. கொஞ்சம் கீழே இறங்கி அதே கடையின் சொந்த இணைப்பை அழுத்தச் சொல்லுங்கள். எங்கள் அம்மாவுக்கு இதைப் பழக்க ஒரு மாதம் ஆனது. “மேல இருக்கறதுதானே நல்லதுன்னு போட்டிருப்பான்?” என்பது அவர் தரப்பு.

மின்னஞ்சலில் வரும் பொத்தான்களும் இந்த ரகம்தான். யார் அழுத்தினார்கள் என்று எண்ணிக்கொள்ள நடுவில் ஒரு கண்காணிப்புப் பெயர் நிற்கும். விற்பனை மடல் என்றால் விட்டுத் தள்ளலாம். கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பு அப்படி மாட்டினால் வேறு வழியில்லை, பை-ஹோலில் ஐந்து நிமிடம் நிறுத்தி வைக்கும் பொத்தான் அதற்காகத்தான் இருக்கிறது.

“பக்கம் வருகிறது, ஆனால் பாதி வேலை செய்யவில்லை”

இதுதான் ஆளை அலைக்கழிக்கும் அறிகுறி. பிழைச் செய்தி எதுவும் வராது. படம் வராது, பொத்தானை அழுத்தினால் அசையாது, உள்நுழையும் இடத்தில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். திறந்த தளத்தின் பெயரை யாரும் தடுக்கவில்லை. அந்தப் பக்கம் தன் வேலைக்காக வெளியே கூப்பிடும் இருபது முப்பது பெயர்களில் ஏதோ ஒன்று மாட்டியிருக்கிறது.

என் அத்தை வேறு ஊரில் இருக்கிறார். அவர் வீட்டிலும் ஒரு பை-ஹோல் வைத்துக் கொடுத்திருந்தேன், புண்ணியம் என்று நினைத்து. ஒரு நாள் போன்: “டேய், புடவை ஆர்டர் போட்டேன், பணம் கட்டற எடத்துல வெள்ளையா நிக்குது. கார்டுல காசு போயிடுச்சா?” காசு போகவில்லை. பணம் கட்டும் கட்டத்துக்குள் இன்னொரு நிறுவனத்தின் பக்கம் வந்து உட்காரும், அதற்குள் வங்கியின் ஓடிபி பக்கம் வரும், அதற்குள் மோசடி தடுக்க ஒரு ஸ்கிரிப்ட் வேறெங்கிருந்தோ வரும். அந்தக் கடைசி ஸ்கிரிப்ட்டின் பெயர் ஒரு கண்காணிப்புப் பட்டியலில் இருந்தது. பட்டியல்காரர் கோணத்தில் சரிதான், அது உங்கள் போனின் அடையாளத்தைத் தொட்டுப் பார்க்கிறது. வங்கியின் கோணத்தில் அது வாசலில் நிற்கும் காவலாளி. காவலாளி வராததால் கதவு திறக்கவில்லை.

கண்டுபிடித்த விதம் இது. பை-ஹோலின் குவரி லாக்கை, அதாவது யார் எந்தப் பெயரைக் கேட்டார்கள் என்ற பதிவேட்டைத் திறந்து, அத்தையின் போன் கேட்டவற்றை மட்டும் பிரித்தெடுத்தேன். “இப்ப அழுத்துங்க அத்தை” என்றேன். அவர் அழுத்திய அந்த நொடியில் வந்த, மறுப்பைக் காட்டும் சிவப்பு வரிகளை மட்டும் பார்த்தேன். இரண்டு இருந்தன. ஒன்று பெயரைப் பார்த்தாலே விளம்பரக் கணக்கெடுப்பு என்று தெரிந்தது, அதைத் தொடவில்லை. மற்றதை அனுமதித்ததும் ஓடிபி வந்துவிட்டது. நேரத்தைப் பொருத்திப் பார்ப்பதுதான் இதில் சூட்சுமம். லாக்கைச் சும்மா திறந்து பார்த்தால் சிவப்பு வரிகள் மழைபோல் கொட்டிக்கொண்டிருக்கும். பாதி டிவியின் புலம்பல்.

கம்ப்யூட்டரில் என்றால் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியைத் திறந்து பக்கத்தை மறுபடி ஏற்றினால் தோற்ற பெயர்கள் சிவப்பில் நிற்கும். போன் செயலிகளில் அது கிடையாது, லாக் ஒன்றே கதி. செயலிகளில் அடிக்கடி மாட்டுவது ‘ஃபேஸ்புக் வழியாக உள்நுழை’ பொத்தான். அதற்குத் தேவையான கிராஃப் டாட் ஃபேஸ்புக் டாட் காம் கண்காணிப்புக்கும் பயன்படுவதால் கடுமையான பட்டியல்கள் அதைத் தடுக்கின்றன. திறந்துவிடுவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். நான் திறக்கவில்லை, மின்னஞ்சல் வழியாக உள்நுழையச் சொல்லிவிட்டேன்.

பெயரைப் பட்டியலில் தேடினால் இல்லவே இல்லை, ஆனால் லாக்கில் தடுக்கப்பட்டதாக இருக்கிறதா? லாக் வரியில் ‘சிநேம்’ என்ற சொல் இருக்கிறதா பாருங்கள். சில தளங்கள் தங்கள் சொந்தப் பெயருக்குள் ஒரு துணைப் பெயரை வைத்து அதைக் கண்காணிப்பு நிறுவனத்தின் பெயருக்கு மாற்றிவிடும். முன்வாசல் தெரிந்த பெயர், உள்ளே அடுத்த வீட்டுக்காரன். பை-ஹோல் 2020-ல் வந்த 5-ஆம் பதிப்பிலிருந்து அந்தச் சங்கிலியின் கடைசி வரை பார்த்துத் தடுக்கிறது. அனுமதிக்க வேண்டும் என்றால் நீங்கள் கேட்ட முதல் பெயரை அனுமதித்தால் போதும். கடைசியில் இருப்பதை அனுமதித்தால் அந்த நிறுவனத்துக்கு எல்லாத் தளங்களிலும் கதவைத் திறந்துவிட்டதாகிவிடும்.

நானே செய்த கோமாளித்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். விளம்பரப் பெயர்களில் ஆங்கில ஏ, டி எழுத்துகள் சேர்ந்து வரும் என்று கண்டுபிடித்த பெருமிதத்தில், அந்த இரண்டெழுத்து எங்கிருந்தாலும் தடு என்று ஒரு ரீஜெக்ஸ் விதி எழுதினேன். தமிழ்நாடு என்று ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். மதுரை என்று எழுதிப் பாருங்கள். ஆதார், டவுன்லோடு, அகாடமி. பெயரில் அந்த இரண்டெழுத்து ஒட்டி நின்ற தளம் ஒன்றுகூடத் தப்பவில்லை. தளம் தளமாக அனுமதித்துக்கொண்டே போய், பத்தாவதில்தான் உறைத்தது விதியே தவறு என்று. ஒரே நாளில் சம்பந்தமில்லாத பல தளங்கள் விழுந்தால் பட்டியலைப் பார்க்குமுன் நீங்கள் கையால் எழுதிய விதிகளைப் பாருங்கள்.

“நேற்று வரை வந்தது” / “ஒரு சமயம் வருகிறது, ஒரு சமயம் வரவில்லை”

இரண்டும் ஒன்றுபோல் தெரியும், காரணம் வேறு.

நேற்று வரை வந்து இன்று நின்றது என்றால், இன்று என்ன கிழமை? பை-ஹோல் தன் தடைப் பட்டியல்களை வாரம் ஒருமுறை, ஞாயிறு விடிகாலையில் புதுப்பித்துக்கொள்கிறது. ஞாயிற்றுக்கிழமை காபியோடு வரும் புகார்களில் எனக்குப் பட்டியல்மேல்தான் முதல் சந்தேகம். புதிதாகச் சேர்ந்த பெயர் என்றால் பட்டியல் நடத்துபவர்களே சில நாளில் திருத்திவிடுவதும் உண்டு.

வந்து வந்து போகிறது என்றால் இரண்டு டிஎன்எஸ் இருக்கிறது என்று அர்த்தம். ரவுட்டரில் முதல் கட்டத்தில் பை-ஹோலின் எண், இரண்டாம் கட்டத்தில் “அவசரத்துக்கு இருக்கட்டும்” என்று கூகுளின் 8.8.8.8. எல்லோரும் செய்வது, நானும் செய்தேன். அது ஸ்டெப்னி டயர் என்று நினைத்துக்கொள்கிறோம், முதலாவது பஞ்சரானால்தான் இரண்டாவது என்று. அப்படி எந்தச் சட்டமும் இல்லை. எதை எப்போது கேட்பது என்பது அந்தந்தக் கருவியின் இஷ்டம். ஒரு கேள்வி பில்டருக்குப் போகும், அடுத்தது கூகுளுக்குப் போகும். விளம்பரமும் அரைகுறையாக வரும், தடையும் அரைகுறையாக இருக்கும். இரண்டாம் கட்டத்தைக் காலியாக விடுங்கள். காலியாக விட ரவுட்டர் சம்மதிக்காவிட்டால் அதிலும் பை-ஹோலின் எண்ணையே போடுங்கள்.

அதைச் சரிசெய்தும் நிற்கவில்லையா? அப்படியானால் ஐபிவி6, அதாவது இணைய எண்களின் புதிய, நீளமான வகை. என்எஸ்லுக்அப் பதிலின் மேல்வரியில் யாரிடம் கேட்டது என்று காட்டும். அங்கே உங்கள் பை-ஹோலின் 192.168 எண்ணுக்குப் பதில், எழுத்தும் எண்ணும் கலந்து முக்காற்புள்ளியால் பிரித்த நீளமான முகவரி இருந்தால், ரவுட்டர் தனியாக ஐபிவி6 வழியே “டிஎன்எஸ் நான்தான்” என்று அறிவித்துக்கொண்டிருக்கிறது. இந்தியாவில் இப்போது ஐபிவி6 பரவலாகிவிட்டதால் இது அரிய சங்கதி அல்ல. ஆண்ட்ராய்டு போன்கள் அந்த அறிவிப்பை அப்படியே எடுத்துக்கொள்ளும். ரவுட்டரின் ஐபிவி6 பகுதியில் அறிவிக்கும் முகவரியைப் பை-ஹோலுடையதாக மாற்ற வேண்டும். இணைப்பு கொடுத்தவர்கள் தரும் பெட்டிகள் பலவற்றில் அந்த அமைப்பு பூட்டிக் கிடக்கும். அப்போது வீட்டுக்குள் ஐபிவி6-ஐ நிறுத்துவது அல்லது சொந்தமாக ஒரு ரவுட்டர் வாங்குவது என்ற இரண்டு வழிதான் மிஞ்சும். நான் நிறுத்தினேன். நெட்வொர்க்கில் ஆசாரம் பார்ப்பவர்கள் திட்டுவார்கள், திட்டட்டும்.

அனுமதித்த பிறகும் பழைய பிழையே வந்தால் அவசரப்படாதீர்கள். பை-ஹோல் தன் மறுப்பை 2 விநாடிக்குத்தான் செல்லுபடியாக்குகிறது, ஆனால் பிரவுசர் தன் பங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கும். பிரவுசரை முழுக்க மூடித் திறங்கள். போனில் ஏரோபிளேன் மோடைப் போட்டு எடுங்கள்.

“ஒரு போனில் மட்டும் இப்படி”

ஒரு போனில் மட்டும் தடை, அல்லது ஒரு போனில் மட்டும் தடையே இல்லை. இரண்டுக்கும் ஒரே காரணம்தான்: அந்தப் போன் வீட்டு டிஎன்எஸ்ஸைக் கேட்கவே இல்லை.

ஆண்ட்ராய்டு 9 முதல் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்ற அமைப்பு உண்டு. கேள்வியைப் பூட்டிய உறையில் வைத்து 853-ஆம் போர்ட் வழியே அனுப்பும். அங்கே ஒரு பெயர் எழுதி வைத்திருந்தால் வீட்டு பில்டரைத் தாண்டிப் போய்விடும். மொபைல் டேட்டாவிலும் கூடவே வரும். “வைஃபையை அணைத்து டேட்டாவில் பார்த்தேன், அதிலும் வரவில்லை, அதனால் தளமே செத்துவிட்டது” என்று முடிவு கட்டுபவர்கள் கவிழ்வது இங்கேதான். முதலில் அதைப் பார்த்துவிட்டு அப்புறம் டேட்டா சோதனை செய்யுங்கள்.

ஐபோனில் ஐகிளவுட் பணம் கட்டிப் பயன்படுத்துபவர்களுக்கு 2021 முதல் ‘பிரைவேட் ரிலே’ இருக்கிறது. சஃபாரியின் போக்குவரத்து முழுதும் அதன் வழியே போய்விடும். பை-ஹோல் இயல்பாகவே அதை மறுக்கும், அப்போது போனில் “இந்த வைஃபையில் பிரைவேட் ரிலே இயங்காது” என்ற பொருளில் அறிவிப்பு வரும். அது பிழையல்ல. ஃபயர்ஃபாக்ஸும் தானாகவே மறைகுறியாக்கிய டிஎன்எஸ்ஸுக்குப் போகுமுன் ஒரு சோதனைப் பெயரைக் கேட்டுப் பார்க்கும், பை-ஹோல் “இல்லை” என்றால் ஒதுங்கிக்கொள்ளும். ஆனால் நீங்களே அமைப்பில் போய்ச் சேவையைத் தேர்ந்தெடுத்திருந்தால் ஒதுங்காது. சில டிவி ஸ்டிக்குகளில் 8.8.8.8 என்பது உள்ளேயே பொறித்து வருகிறது, கேட்பார் பேச்சுக் கேட்காது.

“யூடியூபில் கருத்துகள் காணவில்லை”

தடை இல்லை, திசைதிருப்பல். குடும்பப் பில்டர்கள் சில, யூடியூபின் பெயரைக் கேட்டால் கட்டுப்பாட்டு முறைக்கான எண்ணைக் கொடுத்துவிடும். என்எஸ்லுக்அப்பில் 216.239.38.120 வந்தால் கடுமையான முறை, கடைசி எண் 119 என்றால் மிதமான முறை. கருத்துகள் மறையும், சில பாட்டுகளும் தேடலில் வராது. போனில் எத்தனை முறை அமைப்பை மாற்றினாலும் “நெட்வொர்க் நிர்வாகி இயக்கியுள்ளார்” என்றுதான் சொல்லும். அந்த நிர்வாகி உங்கள் ரவுட்டர். குடும்பப் பில்டர்களின் எண்களான 185.228.168.168 அல்லது 94.140.14.15 அதில் இருக்கிறதா பாருங்கள்.

“பாதுகாப்பற்றது, சான்றிதழ் தவறு என்கிறது”

சில பில்டர்கள் “தடுக்கப்பட்டது” என்று தங்கள் பக்கத்தைக் காட்ட ஆசைப்பட்டு, கேட்ட தளத்துக்குப் பதில் தங்கள் எண்ணைக் கொடுக்கும். பூட்டு போட்ட இணைப்பில் அது நடக்காது. சான்றிதழில் பெயர் பொருந்தாமல் பிரவுசர் அலறும். பில்டர்தான் காரணம் என்று தெரிந்தாலும் ‘தொடர்க’ என்பதை அழுத்தப் பழக்காதீர்கள், பிள்ளைகள் அதை எல்லா இடத்திலும் செய்வார்கள். போனில் தேதி தவறாக இருந்தாலும் இதே அலறல் வரும்.

“வைஃபை இருக்கிறது, இன்டர்நெட் இல்லை என்கிறது”

ஆனால் தளங்கள் திறக்கின்றன, ஆச்சரியக்குறி மட்டும் போகவில்லை. போன் இணையம் உண்டா என்று அறிய ஒரு குறிப்பிட்ட பெயரைக் கூப்பிட்டுப் பார்க்கும். ஆண்ட்ராய்டுக்கு கனெக்டிவிட்டிசெக் டாட் ஜிஸ்டாடிக் டாட் காம், ஆப்பிளுக்கு கேப்டிவ் டாட் ஆப்பிள் டாட் காம். ஆர்வக்கோளாறில் சேர்த்த கடும் பட்டியல் இதையும் விழுங்கியிருக்கும். அனுமதியுங்கள், முடிந்தது.

“கரண்ட் போய் வந்தபின் எதுவுமே திறக்கவில்லை”

பில்டர் பெட்டிக்கு ரவுட்டர் வேறு எண் கொடுத்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். பழைய எண்ணில் ஆளில்லை, வீடே கேட்டுக்கொண்டு நிற்கிறது. ரவுட்டரில் அந்தப் பெட்டிக்கு நிரந்தர எண் ஒதுக்கி வைத்தால் இது திரும்ப வராது.

எண் சரிதான் என்றால் கடிகாரம். ராஸ்பெரி பை 4 வரை கடிகார பேட்டரி கிடையாது. அணையும் சமயத்தில் இருந்த நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, எழுந்ததும் அங்கிருந்தே எண்ணத் தொடங்கும். ஒரு மணி நேர மின்தடை பெரிதல்ல. ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வந்து போட்டீர்கள் என்றால் அதற்கு இன்னும் போன மாதம்தான். டிஎன்எஸ் பதில் போலியில்லை என்று அதன் டிஜிட்டல் கையெழுத்தைப் பார்க்கும் டிஎன்எஸ்செக் சரிபார்ப்பை இயக்கி வைத்திருந்தால், பதில்களின் கையெழுத்துத் தேதியெல்லாம் எதிர்காலத்தில் இருப்பதாகத் தெரியும், பெட்டி அவற்றைப் போலி என்று தள்ளும். நேரத்தைத் திருத்தலாம் என்று நேரம் சொல்லும் சர்வரின் பெயரைக் கேட்டால், அந்தப் பதிலும் கிடைக்காமல் போகலாம். நேரம் சரியானால்தான் பெயர் கிடைக்கும், பெயர் கிடைத்தால்தான் நேரம் சரியாகும். பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் கதை. லாக்கில் ‘போகஸ்’ என்ற சொல் வரிசையாக வந்தால் இதுதான். சரிபார்ப்பைத் தற்காலிகமாக நிறுத்தி, நேரம் சரியானதும் மறுபடி இயக்குங்கள். நேர சர்வரைப் பெயராக இல்லாமல் எண்ணாகக் கொடுத்து வைத்தால் அடுத்த முறை தொல்லையில்லை.

“பில்டரை மொத்தமாக நிறுத்தியும் வரவில்லை”

அப்படியானால் உங்கள் வீட்டில் யாரும் மறுக்கவில்லை. பிரவுசரில் ‘கனெக்ஷன் ரீசெட்’ என்று வருகிறதா? அல்லது அரசு உத்தரவால் தடுக்கப்பட்டது என்ற பக்கம்? இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 69ஏ பிரிவு, நீதிமன்ற ஆணைகள் ஆகியவற்றின்படி இணைப்பு நிறுவனங்கள் தளங்களைத் தடுக்கின்றன. சிலர் டிஎன்எஸ்ஸில் மறுக்கிறார்கள். சிலர் எண் கிடைக்கும்வரை விட்டுவிட்டு, இணைப்பு தொடங்கும்போது பூட்டுக்கு வெளியே தெரியும் தளப் பெயரைப் பார்த்து அறுக்கிறார்கள். பின்னதில் என்எஸ்லுக்அப் ஒழுங்கான எண்ணைக் காட்டும், தளம் மட்டும் வராது. அனுமதிப் பட்டியலில் நூறு முறை சேர்த்தாலும் பயனில்லை.

விபிஎன் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அரசுத் தளங்கள் சில, வெளிநாட்டு எண்ணிலிருந்து வந்தால் பேசாது. விபிஎன்னை நிறுத்தினால் திறந்துவிடும்.

இந்தத் தடைகள் பில்டரையே தாக்குவதும் உண்டு. பை-ஹோல் இயல்பாகக் கொண்டுவரும் பட்டியல் கிட்ஹப்பின் ரா டாட் கிட்ஹப்யூசர்கன்டென்ட் டாட் காம் என்ற இடத்தில் இருக்கிறது. அந்தப் பெயர் இந்தியாவில் சில நிறுவனங்களின் இணைப்பில் திறக்காமல் போனது 2023 ஜனவரியில் செய்தியாகவே வந்தது. அப்படி நேர்ந்தால் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. பட்டியலை இறக்க முடியாதபோது பை-ஹோல் கையிலிருக்கும் பழைய நகலை வைத்து ஓட்டிக்கொண்டே இருக்கும், விளம்பரங்கள் மட்டும் மெல்ல மெல்லத் திரும்பி வரும். கையால் ஒருமுறை பட்டியலைப் புதுப்பிக்கச் சொல்லி அது சொல்லும் வரிகளைப் படித்தால் ‘டவுன்லோடு ஃபெயில்டு’ என்று நடுவில் நிற்கும். பை-ஹோல் தனக்கு விடை தெரியாதபோது கேட்கும் மேலிடமாக, ரவுட்டர் தந்த டிஎன்எஸ்ஸை வைத்திருந்தால் அதை 9.9.9.9-க்கு மாற்றி மறுபடி இறக்கிப் பாருங்கள். அதிலும் தோற்றால், வேறு இடத்தில் இருக்கும் அதே பட்டியலின் முகவரியைச் சேர்த்துவிட்டுப் பழையதை நீக்குங்கள்.